பி.காம். சேர்க்கை: திருச்சியா, சென்னையா, பெங்களூரா, தில்லியா? சி.ஏ. படிக்க விரும்பும் மகளுக்கு வழி சொல்லுங்கள்

கொசுவலை_நகர்

அனைவருக்கும் வணக்கம். கரூரில் கொசுவலை தயாரிக்கும் ஒரு சிறிய ஆலையில் கணக்குப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். என் மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், வணிகக் கணிதம் ஆகியவற்றை எடுத்துப் படித்து, இந்த ஆண்டுப் பொதுத்தேர்வில் 600-க்கு 571 மதிப்பெண் பெற்றிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் பெண் அவள்தான்.

இப்போது எங்கள் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. திருச்சியில் அரசு உதவி பெறும் பெண்கள் கல்லூரி ஒன்றில் பி.காம். பொதுப் பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது; அங்கே ஆண்டுக் கட்டணம் பத்தாயிரத்துக்கும் குறைவு, விடுதிக்கு எழுபதாயிரம் ஆகும். சென்னையில் பெயர் பெற்ற ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் பி.காம். அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ் கிடைத்திருக்கிறது. அங்கே இடம் போய்விடக் கூடாதே என்று முதல் தவணையாக 25,000 ரூபாய் கட்டி, அசல் சான்றிதழ்களையும் கொடுத்துவிட்டேன். பெங்களூரில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம், ஏ.சி.சி.ஏ. என்ற பிரிட்டன் கணக்காளர் தகுதிப் பாடத்தோடு சேர்ந்த பி.காம். தருகிறது; விடுதியோடு ஆண்டுக்கு நான்கு லட்சம் கேட்கிறார்கள். தில்லிக்காக க்யூட் என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுதியிருக்கிறாள், முடிவு இன்னும் வரவில்லை.

அவளுக்கு ஆடிட்டர் ஆக வேண்டும் என்று ஆசை. என் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்தை ஒட்டி வரும். மகன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். உறவினர்கள் ஆளுக்கு ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்கிறார்களே தவிர, எதைப் பார்த்து முடிவு செய்வது என்று யாரும் சொல்லவில்லை. அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் மிகவும் கடமைப்பட்டிருப்பேன்.

பேரேடு

ஐயா, மகளுக்கு வாழ்த்துகள். நான் ஈரோட்டில் ஆடிட்டராகத் தொழில் செய்கிறேன். என் அலுவலகத்தில் இப்போது ஐந்து ஆர்ட்டிகிள் மாணவர்கள், அதாவது சி.ஏ. படிப்பின் பகுதியாக ஆடிட்டரிடம் பயிற்சி பெறுகிறவர்கள், இருக்கிறார்கள். அவர்களில் யாரையும் சேர்க்கும்போது எந்தக் கல்லூரி என்று கேட்டு நான் முடிவு செய்ததில்லை. சி.ஏ.வின் இரண்டாம் நிலைத் தேர்வான இன்டர்மீடியட்டில் இரண்டு குரூப்பும் தேறியாயிற்றா, ஒரு வங்கிச் சரிக்கட்டும் பட்டியலைக் கையில் கொடுத்தால் போட்டுக் காட்ட முடிகிறதா என்ற இரண்டை மட்டும்தான் பார்த்தேன்.

சி.ஏ. என்பது உறுதியென்றால், கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அது எத்தனை மணி நேரத்தை மகளிடம் விட்டுவைக்கிறது என்பதை வைத்துத்தான். கணக்கைச் சொல்கிறேன். முதல் நிலைத் தேர்வான ஃபவுண்டேஷனில் நான்கு தாள்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 40, மொத்தத்தில் 50 விழுக்காடு வேண்டும். கணிதமும் பொருளியலும் கொள்குறி வகை. தவறான விடைக்கு கால் மதிப்பெண் போய்விடும். அதன் பிறகு இன்டர்மீடியட்டில் இரண்டு குரூப்பாக ஆறு தாள்கள். 2023-ல் வந்த புதிய திட்டத்தின்படி இரண்டு குரூப்பும் தேறிய பிறகுதான் ஆர்ட்டிகிள்ஷிப் தொடங்கும். முன்பு மூன்று ஆண்டாக இருந்த அந்தப் பயிற்சி இப்போது இரண்டு ஆண்டு. வாரத்துக்குக் குறைந்தது 35 மணி நேரம் அலுவலகத்தில் இருக்க வேண்டும். பகல் நேரக் கல்லூரியில் படித்துக்கொண்டே பயிற்சியும் செய்ய விரும்பினால், 112-ஆம் எண் படிவத்தில், சி.ஏ. தேர்வுகளை நடத்தும் இன்ஸ்டிட்யூட்டின் அனுமதி பெற வேண்டும். கல்லூரி நேரமும் அலுவலக நேரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. நடைமுறையில் பெரும்பாலோருக்கு அது ஒத்துவருவதில்லை.

ஆகவே ஒழுங்கான வழி என்னவென்றால், பட்டப்படிப்பின் மூன்று ஆண்டுக்குள் ஃபவுண்டேஷனையும் இன்டர்மீடியட்டையும் முடித்துவிட்டு, கடைசிப் பருவத் தேர்வு எழுதிய கையோடு ஆர்ட்டிகிள்ஷிப்பில் உட்காருவது. பகல் ஒன்றரை மணிக்கு வகுப்பு முடியும் கல்லூரியில் இது முடியும். மாலை நான்கரை வரை வகுப்பு, சனிக்கிழமை கருத்தரங்கம், விடுதிக்குத் திரும்ப ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம் என்று இருக்கும் இடத்தில், கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் இன்டர்மீடியட் இரண்டு முறை தள்ளிப்போகும். என் அலுவலகத்திலேயே அப்படித் தள்ளிப்போய் வந்தவர்கள் இருவர் இருக்கிறார்கள்.

ஒரு துணைச் செய்தியும் உண்டு. ஃபவுண்டேஷன் ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. செப்டம்பர் 1-க்குள் பதிவு செய்தால் ஜனவரித் தேர்வு எழுதலாம். கல்லூரியின் முதல் பருவத் தேர்வு நவம்பரில் முடிந்துவிடுமாதலால், அதற்குப் பிறகு கிடைக்கும் ஆறு வாரம் முழுவதும் இதற்கே ஆகும். மே மாதத் தேர்வை நம்பி இருந்தால் ஏப்ரல் பருவத் தேர்வோடு மோதும்.

கமலா_நகர்_வாசி

ஐயா, நான் திண்டுக்கல்லைச் சேர்ந்தவள். க்யூட் தொடங்கிய 2022-ஆம் ஆண்டிலேயே அதை எழுதி, தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தில் பி.காம். ஆனர்ஸ் படித்தேன். இப்போது குருகிராமில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் பணிபுரிகிறேன். முன்னால் எழுதியவர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கல்லூரியின் பெயரால் ஒரு பயனும் இல்லை என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எனக்கு அங்கே கிடைத்ததில் பெரியது உடன் படித்தவர்கள்தான். முதல் ஆண்டுக் கோடை விடுமுறையிலேயே வகுப்பில் பாதிப் பேர் எங்காவது பயிற்சி வேலைக்குப் போய்விட்டார்கள். அப்படி ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் தன்விவரக் குறிப்பை ஒரு மூத்த மாணவி ஏழு முறை திருத்திக் கொடுத்தாள். எட்டாவது முறை அதை எடுத்துக்கொண்டு போய் பட்டேல் செஸ்ட் பகுதியில் உள்ள ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தபோது, என் பெயரைத் தவிர அதில் பழைய வரி ஒன்றுகூட மிச்சமில்லை. அந்தத் தாள்தான் எனக்கு வேலை வாங்கித் தந்தது. ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி, ஹிந்து, ஹன்ஸ்ராஜ், லேடி ஸ்ரீராம் போன்ற சில கல்லூரிகளுக்குப் பெரிய ஆலோசனை நிறுவனங்களும் வங்கிகளும் நேராகவே வந்து ஆள் எடுக்கின்றன. எம்.பி.ஏ.வோ நிதித்துறை வேலையோ குறிக்கோளாக இருந்தால் அந்த வாசல் மிகவும் பெரியது.

ஆனால் மூன்று விஷயங்களை மனத்தில் வையுங்கள். கல்லூரிக் கட்டணம் குறைவாக இருந்தாலும் விடுதி இடம் கிடைப்பது அரிது. வளாகத்துக்கு அருகே கமலா நகரில் சாப்பாட்டோடு தங்கும் அறைக்கு நான் மாதம் பதினாறாயிரம் கொடுத்தேன். அடுத்தது, காத்திருப்பு. 2022-ல் க்யூட் முடிவு செப்டம்பர் நடுவில் வந்து, எங்களுக்கு வகுப்பு நவம்பரில்தான் தொடங்கியது. 2024-ல் ஜூலை 28, 2025-ல் ஜூலை 4 என்று இப்போது முன்னேறியிருக்கிறது, ஆனாலும் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் அதற்குள் திறந்துவிடுகின்றன. மூன்றாவது, நான் சொன்ன அந்த ஒரு சில கல்லூரிகளில் இடம் கிடைத்தால் மட்டும் இவ்வளவு தூரம் வருவதில் பொருள் இருக்கிறது. தில்லி என்ற பெயருக்காக ஏதோ ஒரு கல்லூரியில் சேருவதைவிட நம் ஊர்க் கல்லூரி எவ்வளவோ மேல்.

வகுப்பறை_27

இருபத்தேழு ஆண்டுகளாக மதுரைப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் வணிகவியல் கற்பித்து வருகிறேன். பெற்றோர்கள் எங்களிடம் வந்து கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் கட்டடத்தைப் பற்றியும் தரவரிசையைப் பற்றியும் இருக்கின்றன. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை கல்லூரிகள் பட்டியலில் மதிப்பிடுவது ஒரு கல்லூரி முழுவதையும். இயற்பியலில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளும் அந்த எண்ணுக்குள் இருக்கும். வணிகவியல் துறை எப்படி என்பது அதிலிருந்து தெரியாது. கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு தரும் ஏ டபுள் பிளஸ் என்பதும் (3.51-ஓ அதற்கு மேலோ புள்ளி பெற்றால் அது கிடைக்கும்) முழு நிறுவனத்துக்குமான மதிப்பீடுதான். ஆனால் தரவரிசைக்காகக் கல்லூரிகள் கொடுக்கும் விவரத் தாள் ஒன்று உண்டு. பங்கேற்கும் கல்லூரியின் இணையதளத்தில் என்.ஐ.ஆர்.எஃப். என்ற தலைப்பைத் தேடினால் கிடைக்கும். மூன்றாண்டுப் படிப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் தேறினார்கள், வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர், அவர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் என்ன, மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் இருக்கும். விளம்பரப் பலகையில் இருப்பது ஒரே ஒரு மாணவர் வாங்கிய அதிகபட்சச் சம்பளம். இந்தத் தாளில் இருப்பது வரிசையின் நடுவில் நிற்கும் மாணவருக்குக் கிடைத்தது. அதைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

அடுத்து, உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்ற வேறுபாடு. ஒரே வாயில், ஒரே நூலகம், ஒரே பட்டம். ஆனால் இரண்டும் நடைமுறையில் இரண்டு துறைகள். 1837-ல் தொடங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரியோ, 1925-ல் தொடங்கிய லயோலாவோ, 1948-ல் தொடங்கிய எத்திராஜோ, அந்தப் பெயர்களுக்கு உரிய மதிப்பு உண்மையானதுதான். எனினும் எந்தக் கல்லூரியானாலும், உங்கள் மகள் உட்காரப் போகும் அந்தப் பிரிவில் யார் பாடம் எடுக்கிறார்கள் என்று கேட்டே தீர வேண்டும். உதவி பெறும் பிரிவில் அரசுச் சம்பளம் என்பதால் ஆசிரியர்கள் நிலைத்து இருப்பார்கள். ஆனால் ஓய்வு பெற்றவர்களின் இடம் நிரப்பப்படாமல் காலியாகக் கிடக்கும் துறைகளும் உண்டு. சுயநிதிப் பிரிவில் நல்ல இளம் ஆசிரியர்கள் இருப்பார்கள். குறைந்த சம்பளத்தால் இரண்டு ஆண்டில் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். துறைத் தலைவரிடம் போய், முதலாம் ஆண்டு நிதிக் கணக்கியலையும் இரண்டாம் ஆண்டு நிறுமக் கணக்கியலையும் யார் எடுக்கிறார்கள், அவர்கள் எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறார்கள் என்று மரியாதையோடு கேளுங்கள். நல்ல துறைத் தலைவர் இந்தக் கேள்வியால் மகிழ்ச்சிதான் அடைவார்.

பட்டத்தின் பெயரில் ஒட்டியிருக்கும் அடைமொழிகளுக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை. பொதுப் பிரிவுக்கும் அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸுக்கும் வேறுபாடு ஒரு சில தாள்கள்தான். தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். இந்த ஆண்டு கேட்க வேண்டிய ஒரு குறிப்பான கேள்வியும் இருக்கிறது: 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் போய், 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது, வருமான வரித் தாளை அதற்கேற்ப மாற்றிவிட்டார்களா என்று கேளுங்கள். துறை விழித்திருக்கிறதா என்பது அந்தப் பதிலில் தெரியும்.

நூல்_தரகர்

மேலே பேராசிரியர் அடைமொழி பற்றி எழுதியதைப் பார்த்து, மனம் பொறுக்காமல் இதை எழுதுகிறேன். திருப்பூரில் இருக்கும் என் அக்காள் மகனை மூன்று ஆண்டுக்கு முன் ஒரு கல்லூரியில் பி.காம். சி.ஏ. என்ற படிப்பில் சேர்த்தோம். சேர்க்கை அலுவலகத்தில் இருந்தவர், "சி.ஏ.வுக்கு இதுதான் சரியான கோர்ஸ்" என்று சொன்னார். நாங்களும் மூன்று ஆண்டு படித்தால் ஆடிட்டர் படிப்பில் ஒரு பகுதி முடிந்துவிடும் என்று நம்பினோம். அந்தச் சி.ஏ. என்பது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் என்று முதல் பருவப் புத்தகங்களை வாங்கப் போன அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தப் படிப்பில் ஒரு குறையும் இல்லை. கணினியும் கணக்கும் சேர்ந்து படித்தவர்களை எங்கள் ஊர் ஏற்றுமதி நிறுவனங்கள் விரும்பி எடுக்கின்றன. ஆனால் தெரிந்து சேருவது வேறு, ஏமாந்து சேருவது வேறு. அந்தப் பையன் ஒரு மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. விண்ணப்பத்தில் இருக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் விரிவு என்ன என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கொசுவலை_நகர்

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. பெங்களூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து நாள்தோறும் தொலைபேசி வருகிறது. கல்விக் கடனுக்கு அவர்களே ஏற்பாடு செய்து தருவதாகவும், மகள் வேலைக்குப் போன பிறகு அவளே கட்டிக்கொள்வாள் என்றும் சொல்கிறார்கள். மூன்று ஆண்டுக்கு 12 லட்சம். இது எங்கள் சக்திக்கு உட்பட்டதா என்று வங்கி அறிந்தவர்கள் சொன்னால் நல்லது.

வங்கி_மேசை

பொதுத்துறை வங்கி ஒன்றில் கடன் பிரிவில் இருக்கிறேன். பொதுவான கணக்காகச் சொல்கிறேன். வட்டி வங்கிக்கு வங்கி மாறும்.

ஆண்டுக்கு 4 லட்சமாக மூன்று முறை கடன் வழங்கப்படுவதாகவும், வட்டி 10 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். தவணை தொடங்கும் நாள் படிப்பு முடிந்து ஓர் ஆண்டு கழித்து. அதற்குள் முதல் 4 லட்சத்துக்கு நான்கு ஆண்டு, இரண்டாவதற்கு மூன்று ஆண்டு, மூன்றாவதற்கு இரண்டு ஆண்டு என்று தனி வட்டி மட்டும் 3 லட்சத்து 60 ஆயிரம் ஏறிவிடும். 15 லட்சத்து 60 ஆயிரத்தைப் பத்து ஆண்டில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறக்குறைய 20,600 ரூபாய் வரும்.

இப்போது ஆடிட்டர் ஐயா சொன்ன கால அட்டவணையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டம் முடிந்த பிறகு இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப். அதில் கிடைப்பது சம்பளம் அல்ல, உதவித்தொகை. அந்தப் பயிற்சியின் முதல் ஆண்டு முடியும்போதே தவணை கட்டத் தேவையில்லாத வங்கியின் சலுகைக் காலமும் முடிந்துவிடுகிறது. அதாவது மகள் இரண்டாம் ஆண்டு ஆர்ட்டிகிளாக இருக்கும்போது மாதம் 20,600 ரூபாயை அவளால் கட்ட முடியாது. நீங்கள்தான் கட்ட வேண்டும், அப்போது உங்கள் மகனும் கல்லூரிக்குள் நுழைந்திருப்பான். வேலைக்குப் போன பிறகு அவளே கட்டுவாள் என்பது உடனே வேலைக்குப் போகிறவர்களுக்குப் பொருந்தலாம். சி.ஏ. படிக்கிறவருக்குப் பொருந்தாது. பணம் கட்டுவதற்காக ஆர்ட்டிகிள்ஷிப்பை விட்டு வேலைக்குப் போன ஒரு பெண்ணின் கடன் கோப்பு என் மேசைக்கு வந்திருக்கிறது. அதில் கையெழுத்திடும்போது எனக்கு இருந்த வருத்தம் இன்றும் மாறவில்லை.

கடன் என்றாலே பயப்பட வேண்டும் என்று சொல்லவில்லை. 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் கடன் உறுதித் திட்டத்தின் கீழ் வழங்குகிறோம். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசை அடிப்படையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேருகிறவர்களுக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில், சலுகைக் காலத்தில் 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. தில்லியில் நல்ல கல்லூரி கிடைத்தால் இதைக் கட்டாயம் விசாரியுங்கள். கல்லூரி அனுப்பும் முகவர் மூலமாக வேண்டாம். உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் கிளைக்கே நேரில் போய்க் கேளுங்கள்.

அயல்கணக்கு

நான் ஏ.சி.சி.ஏ. முடித்துப் பெங்களூரில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் சேவை மையத்தில் வேலை செய்கிறேன். அந்தத் தகுதியைக் குறைத்துப் பேசுவதற்கு எனக்கு ஒரு காரணமும் இல்லை. எனக்குச் சோறு போடுவது அதுதான். ஆனால் உங்கள் மகள் விரும்புவது ஆடிட்டர் தொழில் என்றால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் நிறுமங்களின் சட்டப்படியான தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமை, 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நம் இன்ஸ்டிட்யூட்டின் உறுப்பினர்களுக்கு மட்டும்தான் உண்டு. ஏ.சி.சி.ஏ. முடித்தவர் பன்னாட்டு நிறுவனத்தில் நிதி அறிக்கை தயாரிக்கலாம், வளைகுடாவுக்குப் போகலாம், இங்கிலாந்து தொடர்பான பணிகளைச் செய்யலாம். கரூரில் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு தணிக்கை செய்ய முடியாது.

இன்னொன்று. இப்போதைய அமைப்பில் மொத்தம் 13 தாள்கள். அவற்றில் சிலவற்றுக்கு பி.காம். பட்டம் பெற்றவர்களுக்கு விலக்கு உண்டு. அதற்காக ஒருங்கிணைந்த படிப்பில்தான் சேர வேண்டும் என்பதில்லை. பல பல்கலைக்கழகங்களின் கட்டணத்தில் பதிவுக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் அடங்குவதில்லை. அவை பவுண்டில் தனியாக வரும். நான் படித்த காலத்தில் என் அப்பாவுக்கு அது கடைசி நேரத்தில்தான் தெரிந்தது.

வகுப்பறை_27

ஐயா, எல்லோரும் நிறைய எழுதிவிட்டோம். இன்னும் ஒருவர் எழுதவில்லை. மகள் என்ன சொல்கிறாள்? சி.ஏ. அவளுடைய ஆசையா, வீட்டின் ஆசையா என்பது தெரியாமல் நாங்கள் சொல்லும் எதுவும் முழுமையாகாது.

சென்னைக் கல்லூரியில் கட்டிய பணத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் வெளியிட்ட அறிவிக்கையின்படி, முறையாக அறிவிக்கப்பட்ட சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். நடைமுறைச் செலவு என்று கட்டணத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் பிடிக்கக் கூடாது, அதுவும் 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. 15 நாளுக்குள் என்றால் 90 விழுக்காடு, கடைசி நாளுக்குப் பின் முதல் 15 நாளில் 80, அடுத்த 15 நாளில் 50, அதற்கும் பிறகு ஒன்றுமில்லை. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே அறிவிக்கையில் இருக்கிறது. கடிதத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

கொசுவலை_நகர்

அப்பாவின் கணக்கிலிருந்து அவருடைய மகள் எழுதுகிறேன். எல்லோருக்கும் வணக்கம். இந்த இழையை முதலிலிருந்து இரண்டு முறை படித்தேன்.

சி.ஏ. என்னுடைய ஆசைதான். பதினொன்றாம் வகுப்பில், பற்று, வரவு இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டிய இருப்பாய்வு பாடம் நடந்தபோது எனக்கு 50 ரூபாய் வித்தியாசம் வந்தது. இரவு பதினொரு மணிவரை தேடி, ஓர் எடுப்பைத் தவறான பக்கத்தில் 25 ரூபாயாக எழுதியிருந்ததைக் கண்டுபிடித்தேன். அன்று அப்பாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் காட்டினேன். அந்த வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்ய எனக்குப் பிடிக்கும். கரூரிலேயே அலுவலகம் வைக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

தில்லி அக்கா எழுதியதைப் படித்தபோது போகவும் ஆசையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அங்கே மாதம் பதினாறாயிரம் என்றால் தம்பியின் படிப்புக்கு என்ன இருக்கும் என்று அப்பா வெளியே சொல்லாமல் கணக்குப் போடுவது எனக்குத் தெரிகிறது. எனக்கு இருக்கும் உண்மையான அச்சம் வேறு. எங்கள் பள்ளியில் தமிழ்வழியில்தான் படித்தேன். ஃபவுண்டேஷனில் வணிகச் சட்டத் தாளை ஆங்கிலத்தில் எழுதிவிட முடியுமா என்பதுதான் அது. திருச்சியில் சேர்ந்தால் அதற்கு உதவி கிடைக்குமா?

பேரேடு

மகளே, 25 ரூபாயைத் தவறான பக்கத்தில் எழுதினால் 50 ரூபாய் வித்தியாசம் வரும் என்பதை உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்திருக்கிறாய். தணிக்கைக்கு வேண்டிய பொறுமை உன்னிடம் இருக்கிறது. நானும் தமிழ்வழியில் படித்தவன்தான். சட்டத் தாளில் அவர்கள் எதிர்பார்ப்பது அலங்கார ஆங்கிலம் அல்ல. சட்டப் பிரிவு சொல்வது என்ன, இந்த வழக்குக்கு அது எப்படிப் பொருந்துகிறது, முடிவு என்ன என்ற மூன்று பத்திதான். இன்ஸ்டிட்யூட்டின் பாடநூலிலிருந்து ஒப்பந்தச் சட்டக் கேள்வி ஒன்றை நாள்தோறும் எடுத்துப் பார்த்து எழுது, மறுநாள் பார்க்காமல் எழுது. மூன்று மாதத்தில் கை பழகிவிடும். ஞாயிறுதோறும் எழுதியதைப் படம் எடுத்து அனுப்பினால் என் அலுவலகத்துப் பெண்கள் இருவர் திருத்தித் தருவார்கள். இருவரும் உன்னைப் போலத் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள்தான்.

கொசுவலை_நகர்

அப்பா எழுதுகிறேன். நேற்று நானும் மகளும் காலை ரயிலில் திருச்சிக்குப் போய் வந்தோம். சொன்ன கேள்விகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனோம்.

துறை வாசலில் ஒட்டியிருந்த கால அட்டவணையில் வகுப்பு காலை எட்டே முக்காலுக்குத் தொடங்கி ஒன்றே முக்காலுக்கு முடிகிறது. விடுதி அதே வளாகத்தில், நடந்து நான்கு நிமிடம். துறைத் தலைவர் அம்மாள் எங்களை அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார்கள். ஒன்பது ஆசிரியர் இடங்களில் மூன்று காலியாக இருப்பதையும், அவற்றை நிர்வாகம் நியமித்தவர்கள் பார்த்துக்கொள்வதையும் மறைக்காமல் சொன்னார்கள். நிதிக் கணக்கியலை எடுப்பவர் அங்கே பதினான்கு ஆண்டாக இருக்கிறார். வருமான வரித் தாளைப் பற்றிக் கேட்டதும், மூன்றாம் ஆண்டு வகுப்பு நடந்துகொண்டிருந்த அறையைக் காட்டினார்கள்; பலகையில் 'முந்தைய ஆண்டு', 'கணிப்பாண்டு' என்ற இரண்டையும் அடித்துவிட்டு அம்புக்குறி போட்டுப் புதிய சட்டம் சொல்லும் 'வரி ஆண்டு' என்று எழுதியிருந்தது. நூலகத்தில் இன்னும் பழைய சட்டப் புத்தகங்கள்தான் இருக்கின்றன, புதியவற்றுக்கு எழுதியிருக்கிறோம் என்றார்கள்.

குறை இல்லாமல் இல்லை. நிறுவனங்கள் வந்து ஆள் எடுப்பது அங்கே குறைவு. விவரத் தாளில் இருந்த இடைநிலைச் சம்பளமும் சென்னைக் கல்லூரியைவிடக் குறைவுதான். ஆனால் என் மகள் அந்த வரிசையில் நிற்கப் போவதில்லை. சிற்றுண்டிச் சாலையில் இரண்டாம் ஆண்டு மாணவிகள் இருவரோடு அவள் தனியாகப் பேசிவிட்டு வந்தாள். அவர்களில் ஒருத்தி ஃபவுண்டேஷன் தேறிவிட்டு இன்டர்மீடியட் முதல் குரூப்புக்குப் படிக்கிறாளாம்; பிற்பகல் மூன்றிலிருந்து ஏழு வரை நூலகத்தின் பின் அறையில் ஆறு பேர் சேர்ந்து உட்காருகிறார்களாம். "ஏழாவது நாற்காலி போட்டுவிடலாம் என்று சொன்னார்கள்" என்றாள் மகள். திரும்பி வரும் ரயிலில் குளித்தலை வருவதற்குள் முடிவைச் சொல்லிவிட்டாள்.

தில்லி முடிவு வரட்டும். அந்தச் சகோதரி சொன்ன நான்கு கல்லூரிகளில் ஒன்று கிடைத்தால் மறுபடி ஒரு நாள் உட்கார்ந்து பேசுவோம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குள் திருச்சியில் கட்டணம் கட்டியாயிற்று. சென்னைக் கல்லூரிக்குக் கடிதம் எழுதிவிட்டேன். அவர்கள் அறிவித்த கடைசி நாளுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. அசல் சான்றிதழ்களை வாங்கி வர செவ்வாய்க்கிழமை விடுப்புச் சொல்லியிருக்கிறேன். ஃபவுண்டேஷன் பதிவை ஆகஸ்டு முதல் வாரத்திலேயே முடித்துவிடுகிறோம். ஆடிட்டர் ஐயா, ஞாயிற்றுக்கிழமை அனுப்ப வேண்டிய எண்ணைத் தனிமடலில் தெரிவியுங்கள். முதல் கேள்வியை நேற்று இரவே எழுதி வைத்துவிட்டாள்.